மூடாமல் விட்ட பாட்டில்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். எடையில் ஒரு மில்லிகிராம் கூடினாலும் முகம் சுளிப்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் தொடர்ந்து பன்னிரண்டு முறை மண்ணைக் கவ்வினாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு அவளுடைய உலையிலிருந்து நகமளவு கறுப்புப் படிகம் ஒன்று வந்தது. குளிரவைத்தால் அதில் மின்சாரம் பாய்வதற்கான தடை அடியோடு காணாமல் போனது. யாரும் அதுவரை பார்த்திராத பொருள், ஊரே கொண்டாடியது. மேற்கொண்டு சோதிப்பதற்குள் பாழாய்ப்போனது நொறுங்கித் தொலைத்தது. இன்னொன்று வளர்த்துக் காட்டு என்றார்கள். உருக்கி, மணிக்கு இரண்டு டிகிரி வீதம் ஆறவைத்து, மூன்று வாரம் காத்திருந்து திறந்தால் ஒவ்வொரு முறையும் வெறும் சாம்பல்நிறக் கட்டி. இன்னும் ஒரே தடவை, அப்புறம் உலை வேறொருவருக்கு என்று தலைவர் சொன்னபோது சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பதின்மூன்றாம் முறைக்காக, உருக்கவேண்டிய வெண்பொடியை உலர்த்திப் பாட்டிலில் போட்டபோது போன் அடித்தது. தவறான எண். போனை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் படிகத்துக்குப் பொடி எடைபோட்ட அன்றைக்கும் இப்படித்தான் போன் வந்தது. அக்கா பேசினாள். பாட்டில் திறந்தபடியே கிடந்தது. இந்தப் பொடியோ காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். அதையே நிறுத்துப் போட்டுவிட்டு, நோட்டில் ‘உலர்த்தி நிறுத்தது’ என்று கூசாமல் எழுதியிருக்கிறாள். ஒழுங்காகச் செய்த பன்னிரண்டும் வீண். அலட்சியத்தில் பிறந்ததுதான் அந்த ஒன்று.

எவ்வளவு ஈரம் என்று தெரிய, எவ்வளவு நேரம் என்று தெரியவேண்டும். அக்காவையே கூப்பிட்டாள். அத்தான் வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு எத்தனை நேரம் பேசினோம் என்று கேட்டாள்.

“நாப்பது நிமிஷம். நான் பேசினேன், நீ உம் கொட்டின. வேலைய முடிச்சிட்டுக் கூப்பிடறேன்னு வெச்ச. இன்னைக்குத்தான் கூப்பிடற.”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இப்பவும் வேலைக்காகத்தானே?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா. நாப்பது நிமிஷம் பேசேன்.”

அக்கா பெருமூச்சு விட்டாள், பிறகு பேச ஆரம்பித்தாள். இவள் மூடியைக் கழற்றிவிட்டுப் பாட்டிலைத் தராசில் வைத்தாள். அக்கா பேசப் பேச, எண் துளித்துளியாக ஏறியது. இந்த முறை உம் கொட்டாமல் கேட்டாள்.

நாற்பதாவது நிமிடம் எண்ணைக் குறித்துக்கொண்டு பாட்டிலை மூடினாள். அக்கா இன்னும் முடிக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.