தலைக்கட்டு தவறாமல்

புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்து வண்டி குப்பத்துக்கு வரும். கர்ப்பிணிகள் யாரும் வருவதில்லை. அடுத்த புதனும் இப்படியே போனால் வண்டியை நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கிராம நர்ஸ் ஜீவிதாவுக்கு துர்காவைப் பற்றித்தான் கவலை. ஏழாம் மாதம். கேளம்பாக்கம் பஸ்ஸில் மீன்கூடையோடு நின்றவளின் பாதங்கள் வீங்கியிருந்தன.

"வண்டிக்கு வந்து பிரஷர் பாத்துக்கோ."

"டைம் எங்கக்கா கீது?" என்றாள் துர்கா.

ஜீவிதா ஊர்த்தலைவர் மதியழகனிடம் போனாள்.

"இவ்ளோதானே சிஸ்டர்? நான் சொன்னா ஊரே வரும்."

கோயில் மைக்கில் சொன்னார். தலைக்கட்டு தவறாமல் ஆஸ்பத்திரி வண்டிக்கு வர வேண்டும். வராதவருக்குத் தண்டம்.

வந்தார்கள். வலைக்கூடத்தின் முன் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நீள வரிசை. ஒரு பெண்கூட இல்லை. அந்தக் குப்பத்தில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஊர்க்கூட்டத்தில் உட்காருவது அவன்தான்.

டாக்டர் சத்யப்ரியா வண்டியிலிருந்து இறங்கினார்.

"இதுல யாருக்கு எத்தனாவது மாசம்?"

"நம்ம லோகுவுக்குத்தான் டாக்டர். வயித்தப் பாருங்க" என்றான் வரிசையில் ஒருவன்.

சிரித்தார்கள். துர்காவின் புருஷன் லோகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். மதியழகன் சிரிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். முகம் கறுத்துவிட்டது.

"வந்தவங்களைத் திருப்பி அனுப்ப வேணாம்" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் பிரஷர் பாப்போம். முதல்ல தலைவர்."

கையில் பட்டையைச் சுற்றியபடியே கேட்டார். "பெண்கள் என்னிக்கு ஊர்ல இருப்பாங்க?"

"அது அவங்க ஏவாரம். முத்தாலம்மாளத்தான் கேக்கணும்."

மீன் விற்கும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவள் முத்தாலம்மாள். சாயந்தரம் வரை காத்திருந்தார்கள். அவள் காலிக் கூடைகளோடு லோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

"இன்னா தலைவரே, ஆம்பளைங்க எல்லாம் முழுவாம கீறீங்களாமே? மார்க்கெட் வரைக்கும் பேச்சு."

மதியழகன் அதை விழுங்கிக்கொண்டார்.

"வண்டி என்னிக்கு வந்தா தோதுப்படும்? நீயே சொல்லு முத்தாலம்மா."

அவளை ஊர் எதுவும் கேட்டதில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கெழம. தாம்பரத்துல அன்னிக்கு யாரு மீன் துன்றா? பாதிக் கூடை திரும்பி வருது."

"வெள்ளிக்கிழமை மாம்பாக்கம் பக்கம் ஒரு ஊருக்குப் போறோம்" என்றார் டாக்டர். "அவங்க சம்மதிக்கணும்."

"போய்க் கேட்டா போச்சு" என்றாள் முத்தாலம்மாள்.

மறுநாள் டாக்டரும் தலைவரும் முத்தாலம்மாளும் ஒரே ஆட்டோவில் போனார்கள். வெள்ளிக்கிழமை அங்கே சந்தை. புதனே மேல் என்றார்கள். மேலிடத்தில் டாக்டர் பேசினார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். எல்லோரும் இல்லை. துர்கா வந்தாள்.

டாக்டர் இரண்டு முறை பிரஷர் பார்த்தார்.

"ரொம்ப அதிகம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரில சேக்கணும். இந்த வண்டியிலயே போகட்டும்."

துர்கா முத்தாலம்மாளைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம ஏவாரம்க்கா..."

"ஏறுடீ. உன் கூடைய நாங்க பங்கு போட்டு வித்துக் குடுக்கறோம்."

லோகு அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினான். ஜீவிதாவும் ஏறிக்கொண்டாள். டாக்டர் இருந்துகொள்ள, வண்டி போய்விட்டது. இன்னும் பாதிப் பெண்கள் பாக்கி. வலைக்கூடத்தில் வலைகள்தான் இருந்தன, ஒரு மேசைகூட இல்லை. மதியழகன் தன் வீட்டு மேசையைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார்.

டாக்டர் பெட்டியை அதன்மேல் வைத்தார்.

"அடுத்தது யாரு?"