ஸ்பேம் பெட்டியில் ஒரு பெண் குழந்தை

வேலை நேரத்தில் அண்ணி என்னைக் கூப்பிட்டதே கிடையாது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகு இளக்கமாக இருக்கும்போதே பல்லைப் பதித்து முடித்தாக வேண்டும் என்பதால், போன் அடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அன்று காலை கூப்பிட்டாள்.

"குட்டி, ஒடனே வீட்டுக்கு வா. உங்க அண்ணன் மெயிலைத் தோண்டு தோண்டுன்னு தோண்டிட்டு இருக்கார். ஒண்ணும் கிடைக்கல."

"எந்த மெயில் அண்ணி?"

"பேக்கரிக்காரருக்குக் குழந்தை கொடுத்துட்டாங்களாம். அவங்க நமக்குப் பின்னாடி இருந்தவங்கடி."

அண்ணனும் அண்ணியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். பதிந்த அன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அந்தப் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும். வரிசையில் அடுத்த எண் அவர்களுடையது. அவர்களுக்குக் குழந்தை கிடைத்தது என்றால், அதற்கு முன்பே இவர்களை அழைத்திருக்க வேண்டும். அழைப்பு மின்னஞ்சலில்தான் வரும். ஒரு வாரத்துக்குள் பதில் போகாவிட்டால், விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு பெயரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசிக்குப் போனால் அண்ணிக்கு அவ்வளவுதான். தாய்க்கு ஒரு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், அடுத்த பிறந்தநாளோடு அவள் அதைத் தாண்டிவிடுவாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தத்து அலுவலகத்தோடு பேசி முடித்திருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அனுப்பிட்டாங்களாம் குட்டி. போன மாசமே அனுப்பிட்டாங்களாம். நம்ம கைக்கு வரவேயில்லைன்னு காட்ட முடிஞ்சா எடுத்துட்டு வாங்கன்னு சொல்றாங்க. இன்னைக்குச் சாயங்காலம் கமிட்டி உட்காருதாம்."

"குழந்தை?"

"குழந்தை போயாச்சு. நம்ம எண்ணையாவது பழைய இடத்துல வைப்பாங்களான்னுதான் பார்க்கணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல்களுக்குக் காவல் இருப்பது என் வேலை. ஊரான் வீட்டுப் பெட்டிக்குள் குப்பை விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். என் சொந்த அண்ணனும் அண்ணியும் சேர்ந்து பார்க்கும் பெட்டியைத் திறந்து பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாட்டரிப் பரிசு, இடுப்பு வலி மாத்திரை, முன்பின் தெரியாத இளவரசனின் சொத்து என்று பக்கம் பக்கமாகப் போனது. இடையிடையே அண்ணன் அனுப்பிய பதில்கள்.

குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் அண்ணனுக்கு வேலை. யார் என்ன எழுதினாலும் பதில் போடாமல் அங்கே ஒரு மனுவையும் மூடக்கூடாது. அந்தப் பழக்கம் எலும்புவரை இறங்கிவிட்டது, அலுவலகத்தில் அவனுக்குப் 'பதில் ஐயா' என்றே பெயர். முடி வளரும் தைலம் விற்கிறவனுக்கு அவன் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'ஐயா, தங்கள் மடல் கிடைத்தது. எனக்குப் போதுமான முடி உள்ளது. அன்புகூர்ந்து இனி அனுப்ப வேண்டாம். நன்றி.' அவன் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பச்சைப் பொய்.

"எத்தனை தடவைண்ணா சொன்னேன்? இவனுங்க கண்ணை மூடிட்டு லட்சம் பேருக்கு அனுப்புறவனுங்க. அதுல பாதி முகவரி செத்தது. எது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுதான் அவனுங்க பொழைப்பே. நீ பதில் போட்டா, இதோ ஒரு ஆள் இருக்கான்னு அடுத்தவனுக்கு வித்துடுவான். அவன் இன்னொருத்தனுக்கு விப்பான்."

"மரியாதையாத்தானே வேண்டாம்னு சொன்னேன்."

"அவனுக்கு உன் மரியாதை எதுக்கு? உன் மூச்சு இருந்தா போதும் அவனுக்கு."

போன வருடம் இதே மேசையில் இவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருந்தேன். தெரியாதவன் மடலைத் திறக்காதீர்கள், உள்ளே கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் வைத்திருப்பான், அது இறங்கினாலே நீங்கள் படித்தது அவனுக்குத் தெரிந்துவிடும். நீங்களே பொருள் வாங்கிய கடை என்றால் 'இனி அனுப்பாதே' என்பதைத் தொடலாம், மற்றவனிடம் அதையும் தொடக்கூடாது. கடை கண்ணியில் கேட்டால் கொடுக்க ஒரு தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத மடல் வந்தால் ஸ்பேம் பொத்தானை அமுக்குங்கள், அமுக்க அமுக்கப் பெட்டி தானாகக் கற்றுக்கொண்டு அந்த மாதிரி மடல்களை ஒதுக்கிவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "முகத்துல அடிச்ச மாதிரி எப்படிம்மா அமுக்குறது? அந்தப் பக்கமும் ஒரு மனுஷன்தானே உட்கார்ந்திருக்கான்." அவன் கடைசிவரை அமுக்கவேயில்லை. பாடத்தை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டவள் அண்ணிதான்.

அவள் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். விரல் இடுக்கில் பல் அச்சு வார்க்கும் சாந்து காய்ந்து அப்படியே இருந்தது, கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கிறாள்.

"இவரால நாசமாப் போச்சு. ஊர்ல இருக்கிற திருட்டுப் பசங்களுக்கெல்லாம் பதில் போட்டீங்களே, நமக்கு வந்த ஒரே ஒரு மடல் எங்கங்க?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அலுவலகத்தின் முகவரியைப் போட்டுத் தேடினேன். மாதாமாதம் அவர்கள் தானாக அனுப்பும் மடல் மட்டும் வந்தது. 'தங்கள் விண்ணப்பம் காத்திருப்பில் உள்ளது.' இந்த ஒரே ஒரு வரிதான். அதுவும் சில மாதங்களுக்கு முன்பு சட்டென்று நின்றுபோயிருந்தது. இவர்கள் தேடியது முகப்புப் பெட்டியில்தான், ஸ்பேம் பெட்டிக்குள் தனியாகப் போய்த் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே போனேன். ஒரு மாதம் ஆனால் அந்தப் பெட்டி தன்னைத்தானே காலி செய்துகொள்ளும். கடவுளே, நேற்றோடு அழிந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே கீழே இறக்கினேன். நான் சாமி கும்பிடுகிற ரகமில்லை, அன்று கும்பிட்டேன்.

பட்டியலின் கடைசிப் பக்கத்தில், அழிவதற்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது கிடைத்தது. திறக்கப்படாத மடல், தடித்த எழுத்தில். 'பெண் குழந்தை - தங்கள் சம்மதம் தேவை.'

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். அண்ணி என் தோளை நசுக்கிவிட்டாள். அண்ணன் "கமிட்டியில காட்டலாம், திறக்கவே இல்லைன்னு காட்டலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். திரையை அப்படியே படமெடுத்துவிட்டு மடலைத் திறந்தேன். உச்சியில், இது ஏன் இங்கே வந்தது என்று பெட்டியே ஒரு பட்டையில் எழுதி வைத்திருந்தது.

'இந்த முகவரியிலிருந்து வந்த மடல்களை நீங்கள் முன்பு ஸ்பேம் என்று குறித்திருக்கிறீர்கள்.'

மூன்று பேரும் அதைப் படித்தோம். வெளியே எவனோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தான்.

"நான்தான்," என்றான் அண்ணன். "ஏதோ கை தவறி அமுக்கியிருப்பேன்."

தைலக்காரனையே அமுக்க மனசு வராதவன் இவன். அவன் பொய் சொல்கிறான் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அண்ணிக்குத் தெரியாதா?

"நீங்க சும்மா இருங்க," என்றாள். குரல் மட்டும்தான் இருந்தது, அதில் தெம்பே இல்லை. "நான்தான் அமுக்கினேன். மாசம் பொறந்தா வந்துடும், காத்திருப்பில் உள்ளது, காத்திருப்பில் உள்ளதுன்னு. அதைப் பார்த்துட்டு வேலைக்குப் போனா அன்னைக்கு ஒரு பல்லும் நேரா உட்காராது. நாலு மாசம் அமுக்கினேன். அப்புறம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு." என் பக்கம் திரும்பினாள். "நீதானே சொன்ன, வேண்டாத மடலை அமுக்குன்னு?"

ஆமாம் அண்ணி என்றேன்.

மடலில் இருந்த குழந்தையின் படத்தைப் பெட்டி மறைத்து வைத்திருந்தது. 'படத்தைக் காட்டு' என்ற வரி மட்டும் நீல எழுத்தில் தெரிந்தது. என் கை தானாக அங்கே போனது.

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "அது இப்ப பேக்கரிக்காரர் பொண்ணு. நான் பார்க்கக் கூடாது."

அந்தப் பட்டையை ஓரத்தோடு வெட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய வேகத்திலேயே அது வீண் என்றும் தெரிந்தது. நாம் ஸ்பேம் என்று அமுக்கினால், அனுப்பியவருக்குப் பல நேரம் புகாராகவே போய்ச் சேரும். யார் யார் தன் மடலை வெறுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நேர்மையானவன் நிறுத்துவான், அதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. மாத மடல் சட்டென்று நின்றதற்கும் அதுவே காரணம். ஒன்றையும் வெட்டாமல் அச்செடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம்.

தத்து அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதிகாரி அம்மா தாள்களை நிதானமாகப் படித்தார். பிறகு தன் கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். நான் நினைத்தபடியே, எங்கள் முகவரிக்கு நேரே நான்கு புகார்கள் இருந்தன.

"எங்க மடலே வேண்டாம்னு நாலு தடவை சொல்லியிருக்கீங்க. மனசு மாறினவங்க பலபேர் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க, இப்படித்தான் ஒதுங்கிப்பாங்க. நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

"மனசு மாறினவ எதுக்கும்மா அழுதுகிட்டே அமுக்கணும்?" என்றாள் அண்ணி.

அதிகாரி அம்மா தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் வைத்தார். "கமிட்டியில வைக்கிறேன்," என்றார். "முடிவை மெயில்ல அனுப்புவோம். நீங்க கிளம்புங்க."

அண்ணன் பழக்கதோஷத்தில் "நன்றிங்க" என்று எழுந்தான். அண்ணி எழவில்லை.

"மெயில் வேண்டாம். நான் வெளியில உட்கார்ந்திருக்கேன். எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்க."

"விதி அப்படி இல்லைம்மா."

"உட்காரக் கூடாதுன்னு விதி இருக்கா?"

நடையில் ஒரு மர பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தோம். கமிட்டி அறையின் கதவு மூடியது. தேநீர் உள்ளே போனது, காலிக் கோப்பைகள் வெளியே வந்தன. அண்ணன் ஒருமுறை, "என் மேல போட்டிருக்கலாம்ல" என்று மெதுவாகச் சொன்னான். அண்ணி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கில் இருந்த சாந்து அவன் சட்டைக் கையில் ஒட்டியது. எனக்கு அழுகை வந்தது, எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன்.

கதவு திறந்தது. உறுப்பினர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி படியிறங்கிப் போனார்கள். அதிகாரி அம்மா கடைசியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டி நாலு அடி நடந்தார். பிறகு திரும்பி வந்து, அண்ணிக்கு நேராக நின்றார்.

"முடியலம்மா. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பேரு கடைசிக்குத்தான் போகுது. உங்க வயசுக்கு அது வராது. கோப்பை மூடிட்டாங்க."

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். ஒரு சொல்லுக்கும் கண்ணைத் திருப்பவில்லை.

"சரிங்க," என்றாள். "இந்தச் சேதியாவது வந்து சேர்ந்துடுச்சு."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அண்ணன் ஒரு பக்கமும் அந்த அம்மா இன்னொரு பக்கமும் பிடித்துக்கொள்ள, மூன்று மாடியும் அப்படியே இறங்கினோம்.