இரண்டு கரண்டி பால்

கஞ்சியில் பாலைக் கலந்தது நான்தான். எந்தச் சன்னதியில் நிறுத்திக் கேட்டாலும் அதை ஒத்துக்கொள்வேன். காலை ஐந்தரை மணி இருக்கும். என் வீட்டுக்காரர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். குழைய வடித்த சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டு, இரண்டு கரண்டி பாலை ஊற்றிக் கலக்கினேன். வெள்ளையோடு வெள்ளை, கண்ணுக்குத் தெரியவில்லை. மிச்சப் பால் இருந்த டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினால் பின்வாசலில் மதினி நிற்கிறாள். அவருடைய அக்கா, கருப்பம்மாள். அவசரத்துக்குத் தீப்பெட்டி கேட்டு வந்தவள். "என்ன புள்ள கையில?" என்றாள். "ஒண்ணுமில்ல மதினி" என்றேன். பால் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு அந்த நேரம் பார்த்து என்ன வந்ததோ.

அவர் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். தாயில்பட்டியில் கிளம்பி, வழியில் மூன்று ஊர்களில் ஆள் ஏற்றி, எட்டு மணிக்கு முன்னால் கம்பெனியில் இறக்க வேண்டும். இருபத்தெட்டுப் பெண்கள். எல்லோருக்கும் செய்கிற உருப்படிக்குத்தான் கூலி, கால்மணி நேரம் பிந்தினாலும் அவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி. இவருக்கோ மூன்று வருசமாக வயிறு சரியில்லை. எது தின்றாலும் சுருட்டிப் பிடிக்கும், உடனே ஓட வேண்டும். வேனை ஓரம் கட்டிவிட்டு வேலிமுள் காட்டுக்குள் ஓடுவார். "அண்ணே, டேங்கு காலியா?" என்று வேனில் வருகிற பொம்பளைப் பிள்ளைகள் கேலி பேசும். முதலில் சிரித்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். தீபாவளி சீசன் நெருங்கியதும் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "கோட்டைச்சாமி, இனி ஒருநாள் லேட்டானாலும் சாவிய வச்சிட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டார்.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்: "குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்லம்மா. தொட்டாச்சிணுங்கிக் குடல். ஒத்துக்காததத் தின்னாலும் சுருட்டும், பயந்தாலும் சுருட்டும். பால், பருப்பு, வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாத்தையும் நிறுத்துங்க. அப்புறம் ஒண்ணொண்ணா சேத்துப் பாத்து எழுதி வைங்க." எனக்குக் கோயிலில் வரம் கிடைத்த மாதிரி இருந்தது. சமையல்தானே, அது என் கையில் இருக்கிற காரியம் என்று நினைத்தேன்.

வெங்காயமும் பூண்டும் பருப்பும் மிளகாயும் இல்லாமல் ஒருத்தி என்னத்தைச் சமைப்பாள்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. திங்கள் சுரைக்காய், செவ்வாய் பீர்க்கங்காய், புதன் கேரட், வியாழன் அவித்த முட்டை என்று வாரம் முழுவதும் முன்கூட்டியே வகுத்தேன். மிளகும் சீரகமும் மட்டும் தட்டிப் போட்டுப் புளி குறைத்து ஒரு ரசம். ஊரே மணக்க மணக்கப் பூண்டுக் குழம்பு வைக்கும்போது என் வீட்டில் ஆஸ்பத்திரி வாடை. மதினி எட்டிப் பார்த்து, "எந்தம்பிக்கு என்ன புள்ள கைதிச் சோறு போடுற?" என்பாள்.

எழுதுவதற்குத் தாள் விலைக்கு வாங்கவில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் தேதித்தாள் அடுக்குகிற வேலை எனக்கு. அச்சு விலகிய வேஸ்ட்டை அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். 2006இல் அடிப்பது 2007க்கான தாள் இல்லையா, தேதி பொருந்தும், கிழமை பொருந்தாது. அன்றைக்கு என்ன தேதியோ அந்தத் தாளின் பின்பக்கம் என்ன தின்றார், எத்தனை தடவை போனார் என்று எழுதிக் கிளிப்பில் மாட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பிறத்தியார் பார்க்கிற சங்கதியா அது?

இரண்டு மாதத்தில், ஒரு நாளைக்கு ஆறு தடவை போனது இரண்டு தடவையானது. இனி சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒருநாள், "இன்னைக்குப் பருப்பு கொஞ்சம் போட்டிருக்கேன், தின்னு பாருங்க" என்றேன். கை கழுவுவதற்குள் ஓடினார். மறுவாரம் தக்காளி என்றேன், தட்டைத் தொடாமலே ஓடினார். பருப்பும் இல்லை தக்காளியும் இல்லை, என் வாய்தான் அவரை ஓடவைக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு சொல்லாமல் சேர்த்தேன். தக்காளி ஒன்றும் செய்யவில்லை. கத்தரிக்காய் ஒன்றும் செய்யவில்லை. சின்ன வெங்காயம் ஆகவில்லை. பரீட்சையில் ஒவ்வொரு பாடமாகப் பாஸாகிற மாதிரி எனக்குள்ளே ஒரு பெருமை. டாக்டரம்மா சொல்லாமல் கொடு என்று சொல்லவில்லை. அது நானாகச் செய்த புத்திசாலித்தனம்.

பால் மட்டும் பாக்கி. மனுசன் டீக்குடியர். நாலு மாதமாகப் பால் விடாத வறக்காப்பியைக் குடித்துவிட்டு, "ஒரு நல்ல டீ குடிச்சிட்டுச் செத்தாலும் சரிதான் மாரி" என்பார். அந்த டீயை அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது தப்பா?

கஞ்சியில் பால் கலந்த அன்றைக்கு ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் சைக்கிளும் சனமும். இறங்கி ஒதுங்க ஒரு செடி மறைவு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே ஆகிவிட்டது. இருபத்தெட்டுப் பெண்களும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கம்பெனியில் ஆளை இறக்கிவிட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் நான் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் பேண்ட்டைத் துவைத்துக் காயப்போட்டேன். பிறகு உள்ளே வந்து அன்றைய தாளின் பின்னால் எழுதினேன்: 'கஞ்சியில் பால் இரண்டு கரண்டி. சொல்லவில்லை. பால் ஆகாது.' இதைவிடப் பெரிய பாவி எவளும் உண்டா? எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிப் பழகிவிட்டது.

மதினி மூன்றாம் நாள் தம்பியிடம் வாயைத் திறந்தாள். டம்ளரை மறைத்ததை ஒன்றுக்கு நாலாகச் சொன்னாள். டெஸ்ட்டில் ஒன்றுமில்லை, ஆனால் வயிறு மட்டும் போகிறது என்றால் என்ன அர்த்தம், பெண்டாட்டி சோற்றில் வசிய மருந்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தமாம். அவர் சத்தம் போடவில்லை. வீட்டையே புரட்டி டிரம்முக்குப் பின்னால் கிடந்த தாள்களை எடுத்து, வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். 'தக்காளி. சொல்லவில்லை.' 'வெங்காயம் ஒன்று. சொல்லவில்லை.' கடைசித் தாளை என் பக்கம் நீட்டினார்.

"வெறும் பாலுங்க" என்றேன்.

"வெறும் பாலுன்னா எதுக்கு மறைச்ச?"

நாலு மாதமாக அவர் என் கையை நம்பித் தின்றிருக்கிறார், நானோ அவரைத் தாளில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அக்காளும் தம்பியும் சாத்தூர் பக்கம், சோற்றில் வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவரிடம் போனார்கள். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்கவைத்து, முடி சுற்றிய உருண்டை ஒன்றைக் காட்டினாராம். "நெல்லிக்கா தண்டிக்கு இருந்துச்சு" என்று தெருமுனையில் நின்று மதினி சொன்னாள். மருந்து வைத்த கையால் இனி தின்னக்கூடாது, பத்து நாளைக்கு உப்புக் கஞ்சி மட்டும் என்றாராம். அவர் அக்காள் வீட்டோடு போய்விட்டார். பத்து நாளும் வயிறு கல் மாதிரி இருந்ததாம். இருக்காதா பின்னே? அது என் கஞ்சிதானே! என் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்து என்னையே கள்ளியாக்கிவிட்டார்கள். பதினோராம் நாள் மதினி பூண்டு தட்டிக் கறிக்குழம்பு வைத்தாள். பிறகு எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து, அவர் செம்போடு முள்ளுக்காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

தீபாவளி முடிந்து கம்பெனி திறந்த வாரம், ஒருநாள் சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். புது டிரைவர் கேரளாவுக்கு லோடு அடிக்கப் போய்விட்டான். நாளைக்கு ஒருநாள் ஓட்டிக் காட்டு, வழியில் நிற்காமல் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தக் கஞ்சிய வையி மாரி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கே அடுப்பை மூட்டினேன். சோற்றைக் குழைய வடித்துக் கரைத்தேன். எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே செய்தேன். உப்பு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போட்டேன். கும்பாவை அவர் முன்னால் வைத்ததும், ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளினார்.

"நீ மொதல்ல குடி."

குடித்தேன். தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் பார்த்தார்.

"இன்னொரு வாய்."

குடித்தேன். கும்பாவை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம்?" என்றேன்.

"ஆறு வரைக்கும் இரி. பாப்போம்."

நாலு மாதம் நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அதே பார்வை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கஞ்சிதானே, உப்பும் சோறும்தானே, எனக்கு என்ன பயம் என்று நினைத்த மாத்திரத்தில், அடிவயிற்றில் ஏதோ பிடித்து முறுக்கியது. விட்டது. மறுபடியும் முறுக்கியது. எழுந்து வெளியே போனால் எல்லாம் முடிந்தது. முந்தானையை இழுத்து வயிற்றின்மேல் அழுத்திக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. இரண்டு பேருக்கும் நடுவில் கும்பாக் கஞ்சி ஆறி, மேலே மெல்ல ஆடை கட்டிக்கொண்டிருந்தது.