கொண்டை முளைத்த கெண்டைகள்

கோடையின் கடைசியில், ஆறு கணுக்கால் ஆழத்துக்கு வற்றிக் கிடந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆற்றிலிருந்த கெண்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிட்டன. அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அறிக்கையை எழுதியவர் மீன் ஆய்வு நிலையத்தின் உதவி ஆய்வாளர். கெண்டை எதைத் தின்கிறது, எவ்வளவு வளர்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று பன்னிரண்டு மாதம் பார்த்து எழுத வேண்டியது அவருடைய வேலை. செவ்வாய்தோறும் நிலையத்துப் படகுக்காரரோடு ஆற்றில் இறங்கி, இருபது மீன் பிடித்து, நீளம் அளந்து, வயிற்றைக் கீறி, உள்ளே கிடக்கும் இரையைப் பிரித்து, சினையை எடை போட வேண்டும். ஒன்பது மாதம் ஒழுங்காகத்தான் செய்தார். மீதி மூன்று மாதம் வெள்ளக்காலம். மழை ஊற்றியது. போர்வை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது, வாரப் பத்திரிகைத் தொடர்கதை மறுபக்கம். கதாநாயகி பாலத்திலிருந்து குதித்தாளா இல்லையா என்று தெரியாமல் மனிதன் எப்படி ஆற்றுக்குப் போவது? படகுக்காரர் மட்டும் பன்னிரண்டு செவ்வாயும் கரையில் குடையோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். பதின்மூன்றாம் வாரம், "சாருக்கு உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றார். "ஆமாம், கொஞ்சம் ஜுரம்" என்று சொன்னபோது ஆய்வாளருக்கு நிஜமாகவே காது சுட்டது.

அந்த மூன்று மாதக் கட்டங்களையும் அவர் ஒரே மதியத்தில் நிரப்பினார். கடைசியாக ஆற்றுக்குப் போன நாளில் சினை முற்றியிருந்தது. அன்று காலை பத்தரைக்கே கண்ணெதிரே முட்டையிட்டதாக எழுதிவிட்டால் வெள்ள மாதங்களுக்கு 'ஓய்வு நிலை' என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். போட்டார். சராசரி நீளம் முப்பத்தொன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். வயிற்றில் பாசி இவ்வளவு, புழு இவ்வளவு என்று போட்டுக் கூட்டியதில் நூறு வராததால், 'அடையாளம் தெரியாதது' பன்னிரண்டு சதவீதம்.

அறிக்கை அச்சாகி வந்த வருடத்திலிருந்து கெண்டைகள் அதன்படி நடந்தன. வெள்ளத்தில் பிடித்த மீனெல்லாம் முப்பத்தொன்று புள்ளி நான்கு. இயக்குநர் தானே அளவுகோலோடு வந்து அளந்து பார்த்தார். ஒவ்வொரு வயிற்றிலும் பன்னிரண்டு சதவீதம் ஏதோ சாம்பல் நிறத்தில் இருந்தது. நிலையத்திலிருந்த நான்கு நுண்ணோக்கிகளாலும் அது என்னவென்று சொல்ல முடியவில்லை. இவ்வளவு துல்லியமான அறிக்கை இதுவரை வந்ததில்லை என்று ஆய்வாளருக்குப் பதவி உயர்வும் தனி அறையும் கிடைத்தன. "மீன் கூட உங்க பேச்சைக் கேக்குது, நம்ம பொண்ணுதான் கேக்க மாட்டேங்கறா" என்று மனைவி பெருமைப்பட்டபோது, அவர் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு எழுந்தார்.

ஏனென்றால் வற்றிய ஆற்றில் இட்ட முட்டை என்ன ஆகும் என்று ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்குள் பாறைமேல் காய்ந்து உதிர்ந்தது. வெள்ளம் வந்தபோது கெண்டைகள் அறிக்கைப்படி ஓய்வெடுத்தன. இரண்டு கோடை போயிற்று. மற்ற நாட்களில் சொந்தமாக வலைவீசிப் பிழைத்த படகுக்காரர் ஒருநாள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "பெருசுங்கல்லாம் இருக்குதுங்க சார். புள்ளைங்கதான் ஒண்ணைக்கூடக் காணோம். ஏன் சார்?" என்றார். ஆற்றில் ஒரு குஞ்சு இல்லை. ஆய்வாளர் தண்ணீரைப் பார்த்தாரே தவிர அவரைப் பார்க்கவில்லை.

அப்போதுகூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. திருத்தச் சீட்டு எழுதினார். கெண்டை முட்டையிடுவது வெள்ளக்காலத்தில் என்றும், கோடை என்று வந்தது தட்டச்சுப் பிழை என்றும். மீனையும் காப்பாற்றலாம், மானத்தையும் காப்பாற்றலாம். நிலையத்து டைப்பிஸ்ட் அம்மா இருபத்தாறு வருடத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாக அடித்தவர் அல்ல. விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போயிற்று. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தன்மேல் பழி போடும் அந்தச் சீட்டையும் அவரே தட்டச்சு செய்து, கொடுத்தார். ஆய்வாளர் படித்துப் பார்க்கக் கூசிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டு எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், ஆற்றிலிருந்த கெண்டைகளுக்கெல்லாம் தலையில் கொண்டை முளைத்தது. கட்டைவிரல் உயரம், சிவப்பு. பயந்துபோய் ஆய்வாளர் சீட்டை எடுத்துப் பார்த்தார். கெண்டை என்று வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் 'கொண்டை' என்று இருந்தது.

"என்னம்மா இது?"

"தட்டச்சுப் பிழைன்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "இதுவரைக்கும் நீங்க பார்த்ததில்லையே, அதான் காட்டினேன்."

கொண்டையைப் பற்றிய திருத்தம் கெண்டையின் காலத்தை மாற்றவில்லை. மூன்றாவது கோடையிலும் அவை அதே செவ்வாய், அதே பத்தரைக்கு, சிவந்த கொண்டைகளோடு பாறை இடுக்கில் முட்டையிட்டன. படகுக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து முட்டைகள்மேல் ஊற்றினார். ஆய்வாளரும் சட்டையைக் கழற்றிப்போட்டு ஊற்றினார். இருவருமாகச் சாயங்காலம்வரை ஊற்றியும் முட்டை காய்வது நிற்கவில்லை. "விடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று படகுக்காரர் சொன்ன ஆறுதலை அவரால் தாங்க முடியவில்லை. காலி வாளியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். படகுக்காரர் தன் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பன்னெண்டு வாரம் நின்னேன் சார்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று ஆய்வாளருக்கு இருந்தது.

மறுநாள் தன் கையால் எழுதிக் கொண்டுபோனார். வெள்ள மாதங்களில் நான் ஆற்றுக்குப் போகவில்லை. அந்தக் கணக்கெல்லாம் நானாகப் போட்டது. தட்டச்சில் பிழை இல்லை. கெண்டை எப்போது முட்டையிடுகிறது என்று எனக்குத் தெரியாது. டைப்பிஸ்ட் அம்மா இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு, "இதுல திருத்த எதுவும் இல்லையே சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இருக்கறபடியே அடிங்க."

மெமோ திரும்பப் பெறப்பட்டது. தனி அறையும் பதவியும் போயின. பழைய அறிக்கை இருந்த இடத்தில் 'தெரியாது' என்று அச்சடித்த ஒற்றைத் தாள் எல்லா அலுவலகங்களுக்கும் போனது. அதற்குப் பிறகு கெண்டைகளுக்குக் கட்டளை இல்லை. முதல் வெள்ளத்தில் அவை குட்டையும் நெட்டையுமாகக் கிளம்பி, எதிர்நீச்சல் போட்டு, மூழ்கிக் கிடந்த புல்வெளிகளுக்குள் புகுந்து, நான்கு நாள் இடைவிடாமல் முட்டையிட்டன. கொட்டும் மழையில் படகில் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்தார். கொண்டைமட்டும் போகவில்லை, அவற்றின் குஞ்சுகளுக்கும் வந்தது. கடைக்காரர்கள் அதை நறுக்கிப் போட்டுவிட்டு விற்கப் பழகிக்கொண்டார்கள்.

மீனின் செதிலில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். எண்ணினால் வயது தெரிந்துவிடும். இப்போது அவர் மறுபடி உதவி ஆய்வாளராக இருந்து செதில் எண்ணுகிறார். அந்த வெள்ளத்தில் பிறந்தவை வந்தன, அறிக்கைக்கு முன்னால் பிறந்த கிழங்களும் வந்தன; நடுவே மூன்று வருடங்களில் பிறந்திருக்க வேண்டிய மீன்களைமட்டும் காணவில்லை. பிறக்காத அந்த மூன்று வருடத்துப் பிள்ளைகளுக்கு ஆற்றில் மற்ற மீன்கள் இடம் விட்டே நீந்தின. வலையை இழுத்தால் இரண்டு ஓரமும் மீன் துள்ளும், நடுவில் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் இடமும் கனத்தது. படகுக்காரர் அதைத் தனியாகத் தூக்கித் தராசில் வைப்பார். முதல் வருடம் நாலு கிலோ. அடுத்த வருடம் ஏழரை. ஆய்வாளர் அதற்கென்று தனிக்கட்டம் போட்டு, ஒரு கிராம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவருகிறார். இந்த வருடம் முள் பதினொன்றைத் தாண்டி நின்றது. படகுக்காரர் குனிந்து பார்த்தார்.

"நல்லா வளருதுங்க சார்" என்றார்.