கைக்கு என்றொரு கேள்வி

கயிறு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பாறையில் முக்கால்வாசி ஏறியிருந்த லூர்துமேரிக்குக் கால் வழுக்கியது, கயிறு தாங்கிக்கொண்டது, ஊசலாடியதில் இடது மணிக்கட்டு கல்லில் மோதியது. அவ்வளவுதான் சங்கதி. 2008-இல் கச்சிபவுலிப் பக்கம் ஏறுவதற்கு அப்படிப் பாறைகள் நிறைய இருந்தன. பக்கத்தில் மேம்பால வேலையைப் படம்பிடிக்க வந்த ஒரு சேனல்காரனும் இருந்தான்.

கீழே இறங்கியவளிடம் மைக்கை நீட்டி, "கைக்கு மேடம்?" என்றான். தூத்துக்குடியிலிருந்து செகந்திராபாத் பக்கம் வேலைக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாதவள், அடிபட்ட கையைத்தான் விசாரிக்கிறான் என்று உருகிப்போனாள்.

"கைக்கு ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்தாள்.

எக்ஸ்ரேயில் எலும்புக் கீறல் தெரிந்து மாவுக்கட்டோடு வீடு திரும்புவதற்குள் அந்தச் சிரிப்பு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஏறினாய் என்று கேட்டால் ஒன்றுமில்லையாம், உயிரோடு விளையாடும் ஐ.டி. பெண்ணாம். ஸ்டுடியோவில் நாலு பேர் உட்கார்ந்து, கை நிறையச் சம்பளம் வந்தால் பெண்களுக்குத் தலைகால் புரியாது என்று அலசினார்கள். கயிற்றைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

குகட்பள்ளியில் அவள் குடியிருந்த மாடியறையின் சொந்தக்காரர் ஜம்புநாதன், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி. அவர்தான் விளக்கினார். "இங்க கைக்குன்னா ஏன்னு அர்த்தம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம். காலனியில் தன் மானம் போனதாகக் குதித்தார். நிருபரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். இனிமேல் ஏறமாட்டேன் என்று அவள் கேமரா முன்னால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"பாறையெல்லாம் நக்கோம்மா, வேண்டவே வேண்டாம்" என்று முடித்தார்.

இந்த மனிதர்தான் தினமும் ஹெல்மெட் இல்லாமல், ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பேரனும் பின்னால் இரண்டு பேத்திகளுமாக, மெயின் ரோட்டில் எதிர்த்திசையில் போகிறவர். அதை எந்தச் சேனலும் அலசியதில்லை. லூர்துமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் கம்பெனிக்காகக் கீபோர்டைத் தட்டும் கை, வாரத்தில் ஒருநாள் பாறையைப் பிடிக்கும்போதுதான் அவளுடைய கையாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மறுநாள் காலை நிருபர் வந்தான். அதே மைக், அதே கேள்வி.

"கைக்கு மேடம்?"

கேமராவுக்குப் பின்னால் நின்று ஜம்புநாதன், சொல்லு சொல்லு என்று சைகை காட்டினார். அவள் மாவுக்கட்டை உயர்த்திப் பிடித்தாள்.

"ஆமா, இந்தக் கைக்குத்தான். கட்டுப் பிரிச்சதும் மறுபடியும் ஏறுவேன். வந்து படம் எடுங்க. இந்தத் தடவ கயித்தயும் சேத்து எடுங்க."

நிருபருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைச் சொல்லச் சொல்லி ஜம்புநாதனிடம் மைக்கைத் திருப்பினான். அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

மாதக் கடைசியில் அவள் காலி செய்தாள். புது அறை நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாறை தெரியும்.