நாடகத்துப் பிணம்

மாரியப்பனுக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. அதனால்தான் பிண வேஷம் கொடுத்தார்கள். வேட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவில் மல்லாந்து கிடந்தால் போதும். மற்றதை அவன் பெண்டாட்டி செண்பகம் பார்த்துக்கொள்வாள்.

இது இரண்டாயிரத்து ஒன்பதில். கிளியனூர்க் கூலிக்காரர்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து அந்தத் தெருநாடகத்தைப் போட்டவன் பறையடிக்கும் ஆரோக்கியராஜ். பணக்கார நாடுகள் விடுகிற புகையில் பூமி சூடாகிறது, மழை தப்புகிறது, மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலை கருகுகிறது, புகைவிட்டவன் நஷ்டஈடு கொடுக்கட்டும். அவ்வளவுதான் கதை. விவசாயி செத்து விழுவான், செண்பகம் ஒப்பாரி வைப்பாள், கடைசியில் ஜனங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். வெளிநாட்டில் நடக்கப்போகும் மாநாட்டுக்கு அது போகும் என்றார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை அவள் ஒப்பாரிக்கென்றே கூட்டம் கூடியது. பிணம் அசந்து தூங்கிக் குறட்டை விட்டதும் உண்டு. மாரில் விழுந்து அழுகிற சாக்கில் நறுக்கென்று கிள்ளிவைப்பாள்.

அந்த வருஷம் சித்திரை வெயில் ஆளைப் புரட்டி எடுத்தது. அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த மாரியப்பன், தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். வெயிலைக் குற்றம் சொல்ல யாருக்குத் தோன்றும்?

வீட்டு வாசலில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, செண்பகம் ஒப்பாரியை எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். வாயைத் திறந்தாள். 'மழைக்குக் காத்திருந்து மண்ணாப் போன ராசாவே' என்று நாடகத்து வரிதான் தொண்டைக்கு வந்தது. அதைப் பாடினால் இவனும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு டீ கேட்பான் என்று தோன்றியது. எழமாட்டான் என்பதும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். எத்தனை ஊரில் அழுதாளோ அத்தனையும் அன்று அவளுக்குப் பகையாய் நின்றது.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் காதில் விழும்படியே சொன்னாள்: "ஊர் ஊராப் போயி ஒப்பாரி வச்சிக்கினு கெடந்தாளே, கட்டினவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலியே!"

காரியம் முடிந்தது. மாதங்கள் போயின. சோறு இறங்கவில்லை, அழுகையும் வரவில்லை. பாவி, அவனை அழாமல் அனுப்பிவிட்டோமே என்று நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் ஆரோக்கியராஜ் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, வானூர்ல நாடகம் போடச் சொல்றாங்க. உன்னக் கேக்கவே வாய் வரல. வேணான்னா சொல்லு, நாடகத்தையே வுட்டுடலாம்."

"யாரு படுக்கறது?"

"நம்ம கூட நடிக்கிற கண்ணையன்தான்."

"வர்றேன்."

வானூர்க் கடைத்தெருவில் கண்ணையன் மேல் வேட்டியை இழுத்து மூடினார்கள். முகம் மறைந்ததும் அதற்குக் கீழே யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாகிவிட்டது. செண்பகம் பாட்டை எடுக்கவில்லை. கல்யாணம் ஆன நாள்முதல் புருஷன் பேரை வாயால் சொல்லியறியாதவள், நடுத்தெருவில், "மாரியப்பா!" என்று கத்தினாள்.

"தல சுத்துதுன்னியாமே, ஒரு வாய்த் தண்ணி குடுக்க நான் கிட்ட இல்லியே மாரியப்பா! வெயில்ல போவாதன்னு ஒரு வார்த்த சொல்லாம வுட்டுட்டேனே!"

ராகமில்லை, வரியில்லை. அத்தனை மாதமாய் அடைத்துக்கொண்டிருந்தது உடைத்துக்கொண்டு வந்தது. ஆரோக்கியராஜ் பறையடிக்க மறந்து நின்றான். வேட்டிக்குள் கண்ணையன் தேம்பியதில் துணி குலுங்கியது.

கூட்டம் கைதட்டியது. விசில்கூட அடித்தார்கள். கையெழுத்துப் போட முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். எந்த ஊரிலும் அவ்வளவு விழுந்ததில்லை.

கீரை விற்கும் ஒருத்தி கூடையோடு கிட்டே வந்தாள். "நெசமாட்டமே அழுவுறியேம்மா! எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சி."

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விம்மல் இன்னும் அடங்கவில்லை.

"கையெழுத்து போட்டியாம்மா?" என்று கேட்டாள்.