மேல்மாடி வழியாக வரவேண்டிய வயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்களாக வீட்டில் இணையம் இல்லை. வேறு வேலை ஓடாததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

கல்கத்தா சியாம்பஜாரில் பாதுரி வீட்டின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். முதல் மாடியில் தம்பி திபாகர், அவர் மனைவி சுதேஷ்ணா. இரண்டாம் மாடியும் மொட்டை மாடியும் அண்ணன் பிரணபேஷுக்கு. மனைவி காலமானபின் தனியாக இருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருடமாகிறது. தண்ணீர்த் தொட்டி யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை. அந்தத் தொட்டியே ஓட்டை விழுந்து காயலான் கடைக்குப் போய்விட்டது, சண்டை மட்டும் கெட்டியாக இருக்கிறது.

(இணையம் திபாகருடையது. நான் ஓசி. இதையும் சொல்லிவிடுவது நல்லது.)

2

முதல் தொடக்கம்: 'கல்கத்தாவின் வானத்தை வயர்கள் ஆயிரம் துண்டுகளாக...' சே. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: சுதேஷ்ணா கணினித் திரையில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். திபாகரின் அச்சகம் மூடியபின் வீடு ஓடுவது அதில்தான். தெருக் கேபிள்காரரின் இணைப்பு பாடத்துக்கு நடுவே செத்துச் செத்துப் பிழைத்தது. போன மாதம் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கம்பெனியை மாற்றுவது என்று முடிவாயிற்று.

இது தேவலை. வைத்துக்கொள்கிறேன்.

திபாகர் அவசரக்காரர். புதுசு வருவதற்கு முன்பே கேபிள்காரரைக் கூப்பிட்டு, "உங்க பெட்டிய இன்னிக்கே கழட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் ரோஷத்தோடு கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் புதுக் கம்பெனி ஆள் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"எங்க கம்பெனிப் பெட்டி மேல மொட்டை மாடிச் சுவத்துல இருக்கு சார். அங்கேருந்துதான் வயரை இறக்கணும். மேல்வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சரின்னா போதும்."

"வேற வழி?"

"வேற வழி இருந்தா நான் ஏன் சார் கழுத்து வலிக்க மேல பாக்குறேன்?"

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வருவதாகச் சொல்லிப் போனான். நான் இதை எழுதுவது வெள்ளிக்கிழமை காலை.

3

போய்க் கேட்டால் முடிந்தது என்பீர்கள். இப்போது என்ன நாட்கள் என்று பார்க்க வேண்டாமா? துர்க்கையைக் கரைத்ததிலிருந்து காளி பூஜை வரைக்கும் சின்னவர்கள் இனிப்போடு போய்ப் பெரியவர்கள் காலைத் தொடும் நாட்கள். எந்தச் சண்டைக்காரனும் இப்போது படியேறலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வருடம் போவது என்று திபாகர் மனசைத் திடப்படுத்தி வைத்திருந்தார். சந்தேஷ் இனிப்புக்குக் கடையில் சொல்லியும் வைத்தார். அதற்குள் இந்த வயர்.

"இப்பப் போனா என்ன நெனைப்பாரு? வயருக்காகக் கால்ல விழுறான்னுதானே?" என்றார் என்னிடம். "ஏழு வருஷம் கழிச்சு ஒரு தடவை நெசமா போலாம்னு இருந்தேன் அண்ணா. அதையும் கெடுத்துக்கிட்டேன். வயர் விஷயத்த நீங்களே கேளுங்களேன். நீங்கதான் ரெண்டு வீட்டுக்கும் பொது."

சரி என்று தலையாட்டினேன். மேலே போகாமல் கீழே வந்து எழுத ஆரம்பித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

4

பிரணபேஷ் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவருக்கு முரட்டு மீசை வைத்திருந்தேன். நிஜத்தில் மீசையே கிடையாது; கல்நெஞ்சக்காரராகக் காட்ட வேண்டி நான் ஒட்டியது. பிய்த்து எறிந்துவிட்டேன்.

முடிவு அ: நான் போய்க் கேட்கிறேன். வயர் இறங்குகிறது. பிறகு தம்பி காலைத் தொட்டால், அது நன்றிக் கும்பிடாகிவிடும்.

முடிவு ஆ: தம்பி வயரை மறந்து இனிப்போடு மட்டும் போகிறார். காளி பூஜை முடியும்வரை வீட்டில் இணையம் வேண்டாம் என்று

இந்த இடத்தில் சுதேஷ்ணா வந்து, தாளை எடுத்துப் படிக்கச் சொல்லி, கேட்டுவிட்டு முறைத்தாள். "உங்க கதை அழகா இருக்கணும்னு நான் மிச்சம் இருக்கிற பிள்ளைங்களையும் விடணுமா? அண்ணன் தம்பி ரோஷத்துக்கு என் பொழைப்புதான் கெடச்சுதா? நல்லா எழுதினீங்க போங்க."

வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி.

5

அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது. வெட்கத்தால் இதுவரை தள்ளிப்போட்டேன்.

சண்டை வந்த வருடத்திலிருந்து, காளி பூஜை நெருங்கும்போது பிரணபேஷ் எனக்கு ஒரு டப்பா தேங்காய் உருண்டை தருவார். "கெட்டுப்போயிடும்யா. நீயாவது தின்னு." அவர் கையால் பிடித்தவை. என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்து ஆறு வருடம் சப்புக்கொட்டித் தின்றேன். யாருக்காகப் பிடித்துவைத்துக் காத்திருந்து, வராமல் போனபின் எனக்குத் தருகிறார் என்று இன்று இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய மடையன்!

ஏழாவது டப்பா இன்று காலை வந்தது. மேசைமேல் இருக்கிறது. தொடவில்லை.

6

திபாகர் கதவைத் தட்டினார். "அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

பதிலுக்கு டப்பாவை நீட்டினேன். ஓர் உருண்டையை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"பச்சைக் கற்பூரம். அம்மா மட்டும்தான் இதுல போடுவா. இது எப்படி உங்ககிட்ட?"

"மேலேருந்து வருது."

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

திபாகர் டப்பாவை மூடினார். மேசையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார். வலப்பக்கம் அவர் வீட்டோடு நின்றுவிடும் உள்படி, இடப்பக்கம் அண்ணன் வீட்டுக்கு ஏறும் வெளிப்படி.

எனக்கு இதற்கு மேல் எழுத உரிமை இல்லை. அடுத்தவருக்கு வந்ததை ஆறு வருடம் தின்றவன் நான். முடிவையும் நானே எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இனி உங்கள் பாடு. இனிப்பு வாங்கி வர வேண்டியவன் அண்ணன் பிடித்த உருண்டையையே கொண்டுபோய் நின்றால், பிரணபேஷ் முதலில் என்ன கேட்பார்? நாளை பதினொரு மணிக்குக் கம்பெனி ஆள் வருவான். மொட்டை மாடிக் கதவின் சாவி பிரணபேஷின் இடுப்பில் இருக்கிறது. திபாகர் இப்போது இடப்பக்கத்து முதல் படியில் கால்